ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது

யாங்கூனுக்கு வேலைக்கு வந்த புதிதில் ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போனோம். நல்ல கூட்டம், வாரத்துக்கு வாரம் புது முகங்கள். மகளுக்கு டெங்கு வந்து மூன்று வாரம் போகவில்லை, யாரும் கேட்கவில்லை. அத்தனை பேரில் யார் கவனிப்பது?

பிறகுதான் ஒரு பாட்டி வீட்டில் புதன்கிழமை ஜெபக்குழுவில் சேர்ந்தோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, பன்னிரண்டு பேர். 1960-களில் தமிழ்ப் பள்ளிகள் மூடப்பட்ட காலத்துப் பிள்ளை அவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. பாட்டுகளைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். என் மகள் வேதத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க, பாட்டி உச்சரிப்பைத் திருத்துவார். "மெதுவா வாசிம்மா, எனக்கு அவசரமில்ல." தமிழ் வகுப்பு என்றாலே அழுத பிள்ளை, புதன்கிழமை முதல் ஆளாகச் செருப்பு மாட்டினாள்.

இந்த ஊருக்கு 1813-இல் வந்த பாப்டிஸ்ட் மிஷனரி ஜட்சன், முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819 ஆனது. அவர் அப்போது கட்டியதும் பெரிய கோயிலில்லை, சாலையோரச் சாவடிதான்.

கோவிட்டில் ஆராதனை நின்றது. 2021 பிப்ரவரியில் ஆட்சிக் கவிழ்ப்பு: ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது, இரவு எட்டு மணிக்கு ஊரடங்கு. பன்னிரண்டு பேரும் மூன்றாகப் பிரிந்தோம். பாட்டியோடு நாங்கள் மூவர். வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிவிடுவோம்.

இப்போது சிங்கப்பூரில் இருக்கிறோம். அங்கே இணையம் இருக்கிற புதன்கிழமைகளில் மகள் போனில் வாசிக்கிறாள். பாட்டி இன்னும் திருத்துகிறார், முக்கியமாக 'ழ'.