பழி பேட்டரி மேலே, பழுது வேறு இடத்திலே!

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் வீடுகளில் விடியல் என்பது ராத்திரி 2 மணிக்கே வந்துவிடும். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டு மொட்டாகப் பறித்து, வெயில் ஏறுவதற்குள் பூச்சந்தையில் சேர்த்தாக வேண்டும். நேரம் ஆக ஆக வரத்து கூடும், விலை இறங்கும். 40 சென்ட் மல்லிகையை நம்பியிருக்கும் அந்தத் தம்பதிக்கும் இதுதான் பிழைப்பு. முதல் நடையில் கணவர் பஸ் ஏறி முந்திப் பறித்த பூவோடு போய்விடுவார். மீதிப் பூவைப் பறித்து, ஈரத்துணி சுற்றி, ஸ்கூட்டரில் கொண்டுபோவது மனைவியின் வேலை.

அந்த ஸ்கூட்டர் பத்து வருடத்துக்கு முந்தையது. ஆனி மாதத்தில் ஒருநாள் செல்ஃப் எடுக்கவில்லை. பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். 'பேட்டரிக்கு வயசாயிடுச்சு' என்று கணவரே தீர்ப்புச் சொல்லி, 1,300 ரூபாய்க்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டார். வண்டி பட்டென்று ஸ்டார்ட் ஆனது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே 'டிக்'.

கடைக்காரர் பேட்டரியைக் கழற்றி ஒரு ராத்திரி சார்ஜ் போட்டுக் கொடுத்து, "பேட்டரியில கோளாறு இல்லை" என்று சொல்லிவிட்டார். பத்து நாள் ஓடியது. பிறகு ஒரு மெக்கானிக், 'ரெகுலேட்டர் போயிருக்கும்' என்று அதை மாற்றினார். அதற்கு ஒரு 900. அப்போதும் தீரவில்லை. 'அப்போ காயிலாத்தான் இருக்கும்' என்று சொன்னபோது, கணவர் வண்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கிக்கர் இருக்குல்ல, உதைச்சு ஓட்டிக்கலாம். லைட்டு பளிச்சுன்னுதான எரியுது?" என்றார். மனைவியும் சரியென்று விட்டுவிட்டார்.

ஆவணி முகூர்த்த நாளன்று பூவுக்கு நல்ல விலை. விடியாத இருட்டில் மூட்டையோடு போன மனைவி, மெயின் ரோட்டிலிருந்து வலப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டார். அது எரியவில்லை. பிரேக் பிடித்தார். பின்னால் சிவப்பு விளக்கும் எரியவில்லை. வேகமாக வந்த வேன்காரர் கடைசி நொடியில் ஒடித்து விலகினார். ஹாரன் அடிக்கப் பார்த்தால் அதுவும் ஊமை. பதற்றத்தில் வண்டி மண்ணில் சறுக்கி, முழங்கை தேய்ந்து, பாதிப் பூ புழுதியில் கொட்டியது. உயிர் தப்பியதே பெரிது.

அன்று சாயங்காலம் வீட்டில் வாக்குவாதம். "காயிலையும் மாத்திடுவோம், ஆட்டை வித்துடலாம்" என்றார் கணவர்.

"ஏங்க, போன வருசம் செடி மஞ்சளாச்சுன்னு மூணு தடவை யூரியா போட்டோமே, பச்சை திரும்புச்சா? அப்புறமா வேரைப் புடுங்கிப் பாத்தப்பதான அழுகல்னு தெரிஞ்சது. மல்லிகையில இரும்புச்சத்து குறைஞ்சாலும் மஞ்சள், வேர் அழுகினாலும் மஞ்சள், நூற்புழு வந்தாலும் மஞ்சள்னு அப்பத்தான சொன்னாங்க. வண்டிக்கும் அதையேதான் பண்ணிக்கிட்டிருக்கோம்" என்றார் மனைவி.

கணவருக்குப் பதில் இல்லை. மறுநாள், ஊரில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனார்.

பெரியவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தார். 11.7 வோல்ட்.

"காலியான பேட்டரியை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது தம்பி. ராத்திரி சார்ஜ் போட்டு வைக்கிறேன், காலையில வா."

காலையில் சார்ஜரைக் கழற்றி இரண்டு மணி நேரம் கழித்து அளந்தார். 12.7. செல்ஃபை அழுத்தச் சொன்னார். முள் கொஞ்சம் கீழே போய், 10.8-ல் நின்றது. இன்ஜின் உடனே பிடித்தது.

"முழுசா சார்ஜ் ஆன பேட்டரி 12.6, 12.7 காட்டணும். செல்ஃப் அழுத்தும்போது 10-க்குக் கீழ சரியக் கூடாது. ரெண்டும் சரியா இருக்கு. இது நல்ல பேட்டரி."

அடுத்து இன்ஜினை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முறுக்கச் சொல்லி அளந்தார். 12.5-ஐத் தாண்டவில்லை.

"இங்கதான் விசயம். ரேஸ் பண்ணும்போது 13.5-லேர்ந்து 14.5 வரைக்கும் ஏறணும். ஏறலைன்னா பேட்டரிக்குச் சாப்பாடு போகலைன்னு அர்த்தம். 15-ஐத் தாண்டுச்சுன்னா ரெகுலேட்டர் கெட்டுப்போய் அளவுக்கு மீறி ஊட்டுதுன்னு அர்த்தம். அப்ப பேட்டரி சூடாகி உப்பிப்போகும்."

"லைட்டு நல்லா எரியுதேண்ணே?"

"இந்தப் பழைய வண்டியில ஹெட்லைட்டுக்கு மேக்னெட் காயில்லேர்ந்து நேரா கரண்ட் வருது. அதான் முறுக்க முறுக்க வெளிச்சம் கூடுது. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், செல்ஃப் இதெல்லாம் பேட்டரியில ஓடுறது. லைட்டைப் பாத்து ஏமாந்துட்ட. புது வண்டி பலதுல லைட்டும் பேட்டரி வழியாத்தான் வருது, அதுல கதை வேற."

பிறகு ரெகுலேட்டரிலிருந்து பேட்டரிக்கு வரும் வயரைப் பிடித்துக்கொண்டே போனார். ரெகுலேட்டர் வாயில் 14.2 வோல்ட். ஆகவே காயிலும் நன்றாக இருக்கிறது, ரெகுலேட்டரும் நன்றாக இருக்கிறது. கால் வைக்கும் பலகையைக் கழற்றினார். அடியில் வயரை இணைக்கும் ஒரு கப்ளர். அதற்கு முன்னால் 14.2, பின்னால் 12.5. பிரித்துப் பார்த்தால் உள்ளே பின் முழுக்கப் பச்சைக் களிம்பு.

"மோட்டார் ஓடுது, மெயின் குழாய் வரைக்கும் தண்ணி வருது, டிரிப்பர்ல உப்பு அடைச்சிருக்கு. அவ்வளவுதான்" என்றார் பெரியவர். சொட்டுநீர் போட்டவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

புது பேட்டரி போட்டதும் வண்டி சரியானது போலத் தெரிந்த காரணமும் அப்போது புரிந்தது. கடையிலிருந்து நிரம்பி வந்த பேட்டரி, கையிருப்பைச் செலவழித்துத்தான் மூன்று வாரம் ஓடியிருக்கிறது. வரவு சொற்பம், செலவு தினமும். கோளாறு அங்கேயேதான் இருந்தது.

கப்ளருக்குப் பக்கத்தில் செந்நிறத்தில் குருணை குருணையாக ஒட்டியிருந்தது. பெரியவர் விரலில் தொட்டுக் காட்டினார். "இது என்ன, நீயே சொல்லு."

பொட்டாஷ் உரம். பலகையில் வைத்து ஏற்றி வந்த, வாய் பிரிந்த மூட்டையிலிருந்து சிந்தியது. அது உப்பு. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கசிந்து, செம்பையும் பித்தளையையும் அரித்துவிடும். மேலே ஈரப் பூ மூட்டை வேறு தினமும் சொட்டியிருக்கிறது. செடிக்குப் போட வேண்டியது வண்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பெரியவர் பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றினார். பழைய பின்களை வெட்டிப் புதுசு வைத்து இறுக்கினார். பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளையைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் பிரஷ் வைத்துத் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, வாசலின் தடவினார். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். வண்டியை ஓடவிட்டு அளந்தபோது பேட்டரி முனையிலேயே 14.1. செலவு 60 ரூபாய். வீணாகப் போனது 2,200.

கிளம்பும்போது மேலும் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். "ஓடும்போது 14 காட்டியும் ரெண்டு நாள் நிறுத்தி வச்சா இறங்கிப்போகுதுன்னா, சாவியை எடுத்த பிறகும் எதுவோ கரண்டைக் குடிக்குதுன்னு அர்த்தம். தனியா மாட்டுன எல்.இ.டி. லைட்டு, செல்போன் சார்ஜர், அலாரம், இதையெல்லாம் ஒண்ணொண்ணாக் கழட்டிப் பாரு. ரெண்டாவது, தெருமுனைக்குப் போறதுக்கெல்லாம் செல்ஃப் அடிக்காத. எடுத்த கரண்டைத் திருப்பிக் கட்ட வண்டி கொஞ்ச தூரமாவது ஓடணும்."

அந்த வாரமே சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினார்கள். வாங்கச் சொன்னது மனைவி. டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வைத்தால் போதும் என்று கற்றுக்கொண்டதும் அவரே. மாதம் ஒருமுறை வண்டியைக் கழுவும் நாளில் நிறுத்தி ஒன்று, ஓடவிட்டு ஒன்று என இரண்டு எண்ணைப் பூக்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறார். அந்த மீட்டரை பம்ப்செட் ஸ்டார்டர் பக்கம் மட்டும் கொண்டுபோக விடுவதில்லை. ஸ்கூட்டரின் 12 வோல்ட் ஷாக் அடிக்காது, மும்முனை மின்சாரம் ஆளைக் கொல்லும் என்பது இருவருக்கும் தெரியும்.

உரமூட்டை இப்போது பிளாஸ்டிக் தொட்டிக்குள் உட்கார்ந்துதான் ஸ்கூட்டரில் வருகிறது. பூ மூட்டைக்கு அடியில் ஒரு தார்ப்பாய்த் துண்டு. ஐப்பசி மழை முழுக்க நனைந்தும், நோட்டில் 14-க்குக் கீழே எண் இறங்கவில்லை. பழிசுமந்த அதே பேட்டரிதான் இன்றும் ஓடுகிறது. வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹாரன் மூன்றையும் மனைவி ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.

போன மாதம் பக்கத்துத் தோட்டக்காரர், "செல்ஃப் எடுக்கலை, பேட்டரி வாங்கப் போறேன்" என்று வந்து நின்றார். கணவர் அவரை உட்காரவைத்துவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "அந்த மீட்டரை எடுத்துட்டு வா. முதல்ல அளந்து பாத்துடுவோம்."