மூலைச் சில்லு

"சிமெண்ட் ஷீட் உடைந்து விழுந்து தொழிலாளி பலி." நாளிதழின் உள்பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் பெட்டிச் செய்தி. ஊர் மாறும், வயது மாறும், 'கால் இடறி' மட்டும் மாறாது. இடறுவதைத் தவிர இவர்களுக்கு வேறு கதையே கிடையாதா என்று வேதாரண்யத்து நண்பரிடம் சலித்துக்கொண்டேன். அகத்தியம்பள்ளியில் அவருக்கு உப்பளம் இருக்கிறது. "கிடங்குக்குக் கூரை போடுறோம், வந்து பாருங்க" என்றார்.

1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய ஊர். குவித்த உப்பைக் கீற்றால் மூடிவைப்பது இங்கே பழைய வழக்கம். 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் இந்தக் கரையில் ஏறியது. தென்னை சாய்ந்தது, கீற்றும் போயிற்று. கிடங்குக்குக் கூரை போட வந்த மேஸ்திரியின் பிழைப்பும் அன்றோடு மாறியது. அதுவரை அவர் கூரை வேய்கிறவர். "ஓலையே இல்லாத ஊர்ல ஓலைக்காரனுக்கு என்ன சார் வேலை? ஷீட்டுக்கு வந்துட்டேன்."

தகரம் போடலாமே என்றேன். பதில் சொல்லாமல் பக்கத்துக் கொட்டகையின் தகரத்தை ஒரு விரலால் குத்தினார். விரல் மறுபக்கம் போய்விட்டது. உப்புக் காற்று. சிமெண்ட் ஷீட் துருப்பிடிக்காது. ஆனால் அதைப் பிடித்து நிற்கும் ஜே போல்ட் துருப்பிடிக்கும். ஷீட்டில் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, போல்ட்டில் மிச்சம் பிடிக்கிறவர்களை அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

கிடங்கு 40 அடி நீளம். ஒரு சரிவுக்கு 12 ஷீட் கீழ்வரிசை, 12 மேல்வரிசை, ஆக மொத்தம் 48. லாரியிலிருந்து இறக்கிய ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கணீரென்றால் சரி. மொக்கையாகக் கேட்ட மூன்றை ஓரங்கட்டினார்.

முதல் ஷீட் தெற்கு மூலையில் ஏறியது. ஏன் தெற்கு? "வாடை வடக்கேருந்து வரும். தெக்கேருந்து ஆரம்பிச்சாத்தான் அடுத்த ஷீட்டு முந்தினது மேல ஏறும். காத்துக்கு முதுகக் காட்டணும் சார், வாயக் காட்டக்கூடாது. கீத்துலயும் இதே கணக்குதான்." ஓலை போயும் ஓலைக்காரரின் புத்தி அந்தக் கூரை மேல் உட்கார்ந்திருந்தது.

துளையை ஆணியால் அடிப்பதில்லை, டிரில்தான். பள்ளத்தில் போடுவதில்லை, மேட்டில்தான். போல்ட்டை விடத் துளை ஒரு நூல் பெரிதாக இருக்க வேண்டும். தார் வாஷர் வைத்து முதலில் இலேசாக முடுக்கி, ஷீட் படிந்த பிறகு இன்னொரு சுற்று.

இதையெல்லாம் விட என்னை இழுத்தது மூலை. மேல்வரிசை கீழ்வரிசை மீது ஆறு அங்குலம் ஏறுகிறது. பக்கத்து ஷீட்டும் பாதி நெளி ஏறுகிறது. அப்படியே விட்டால் நான்கு ஷீட் சந்திக்கும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கும் சேர்ந்துவிடும். ஒன்று 6 மில்லிமீட்டர் என்றால் நான்கு ஏறக்குறைய ஓர் அங்குலம். ஷீட் படியாமல் ஆடும், போல்ட்டை முடுக்கினால் விரிசல் விடும். அதனால் எதிரெதிரே வரும் இரண்டு ஷீட்டுகளின் மூலையை ஆறு அங்குல நீளம், இரண்டு விரல் அகலத்தில் சாய்வாக அறுத்து எடுக்கிறார்கள். அறுத்த வாய்கள் ஒன்றையொன்று பார்த்தபடி ஒரே மட்டத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. கீழிருந்து பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. தெரியாவிட்டால்தான் நல்ல வேலை. ஒரு சரிவுக்கு 11 சந்திப்பு, இரண்டு சரிவுக்கு 22. ஆக 44 மூலை.

ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பிடி வெள்ளைத் தூள். மருமகன் கிரைண்டரை எடுத்தான். "ரம்பம் எடுடா" என்றார் மேஸ்திரி. "அதுக்குப் பொழுது போயிரும் மாமா." கூலி சதுர அடிக் கணக்கு. பொழுது போனால் அவர்கள் பணம்தான் போகும்.

இந்த ஷீட்டுச் சரக்கு ஆஸ்திரியாவில் பிறந்தது. லூட்விக் ஹட்செக் என்பவர் 1900 வாக்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழையையும் சிமெண்டையும் காகிதம் செய்வதுபோலப் படலம் படலமாகச் சேர்த்துத் தட்டை ஓடு செய்தார். லத்தீனில் நித்தியம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து 'எடர்னிட்' என்று பெயர் வைத்தார். ஐரோப்பாவில் அந்தத் தட்டை ஓடு இன்றும் விற்கிறது. உள்ளே இருக்கும் இழை மட்டும் வேறு. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் கல்நாருக்குத் தடை. கல்நாரின் எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் அதை இறக்குமதி செய்கிறோம். கல்நார் இல்லாத ஷீட்டுக்கு இந்தியத் தரநிலை கூட உண்டு. நண்பர் கேட்டதற்குக் கடைக்காரர், "அதெல்லாம் ஆர்டர் போட்டு வரணும்" என்று முடித்துவிட்டார்.

1995இல் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. நோய் தலைகாட்ட அத்தனை காலம் ஆகலாம். ஆலைக்குள் இருப்பவருக்காவது ஒரு பதிவேடு. கூரைமேல் உட்கார்ந்து மூலை அறுப்பவர் யாருடைய பதிவேட்டில் இருக்கிறார்? கடைக்குக் கமிஷன் உண்டு, நடுவில் வேலை பிடித்துத் தரும் ஒப்பந்தக்காரருக்குப் பங்கு உண்டு. ஷீட் உடைந்தால் மட்டும் மேஸ்திரியின் கூலியில் பிடித்தம். உடைகிற நுரையீரலுக்குப் பிடித்துக்கொள்ள அந்தக் கூலியில் மிச்சம் எங்கே இருக்கிறது?

பெட்டிச் செய்தியைப் பற்றிக் கேட்டேன். "இடறியெல்லாம் இல்ல சார். போல்ட்டு வரிசைக்குக் கீழதான் இரும்புச் சட்டம் இருக்கு. அதப் பாத்து, பலகை போட்டு நடக்கணும். அவசரத்துல நடுவுல கால வச்சிருப்பான்."

சாயங்காலம் மூலைத் துண்டுகளைப் பொறுக்கி எண்ணினேன். 41 இருந்தன. மீதி மூன்று உப்பளத்துப் பிள்ளைகள் கிழித்திருந்த பாண்டிக் கட்டங்களில் சில்லாகக் கிடந்தன. ஓட்டுத் துண்டைக் கொடுத்து மாற்றப் பார்த்தேன். "இதுதான் வழுக்காம நிக்கும்" என்று ஒரு பெண் தர மறுத்தாள். அவளிடமிருந்து வாங்க ஒரு ஐஸ் ஆயிற்று.

உங்கள் வீட்டில் ஷீட் வேலை நடந்தால் அறுக்கும் இடத்தில் ஒரு குடம் தண்ணீர் வையுங்கள், நனைத்து அறுக்கச் சொல்லுங்கள். கிரைண்டர் வேண்டாம், கைரம்பத்துக்கு ஆகும் கூடுதல் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். விழுந்த துண்டுகளை ஈரத்தோடு சாக்கில் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.