ரபீபா: மடியில் வளர்ந்த சொல்

திருமறையின் அந்நிஸா அத்தியாயத்தில், மணம் முடிக்க விலக்கப்பட்ட பெண்களை வரிசைப்படுத்தும் 23ஆம் வசனத்தைப் பாடம் சொல்லுந்தோறும், ‘ரபாயிப்’ என்னும் சொல்லில் நாம் சற்றே நின்றுவிடுவது வழக்கம். மனைவிக்கு முந்திய கணவர் வழியே பிறந்த பெண்மக்களை அது குறிக்கும். ஒருமையில் ‘ரபீபா’; ஆண்பிள்ளையாயின் ‘ரபீப்’.

பேணுதல், சிறுகச் சிறுக வளர்த்து முழுமையாக்குதல் என்பது இதன் வேர்ப்பொருள். படைத்துப் பரிபாலிக்கும் இறைவனை ‘ரப்பு’ என்பதும் இதே வேரினின்றே. அவ்வசனம் இப்பிள்ளைகளை மடியோடு சேர்த்தே பேசுகிறது. அது வழக்கத்தைச் சுட்டுவதே. வேறிடத்தில் வளர்ந்தாலும், தாயோடு இல்லறம் கூடியபின் அவள் விலக்கப்பட்டவளே என்பது பெரும்பான்மை இமாம்களின் முடிவு.

தமிழிலோ ‘மாற்றாந்தாய்’ என்கிறோம். மாற்றான் என்றால் அயலான், பகைவன்; மாற்றாள் என்றால் சக்களத்தி. ஆங்கிலத்தின் ‘ஸ்டெப்’ என்னும் முன்னொட்டோ பழங்காலத்தில் இழப்பைக் குறித்தது. ‘ஸ்டெப்சைல்ட்’ என்றால் அநாதைக் குழந்தை. ஒரு மொழி இழப்பைக் கண்டது. ஒன்று வேற்றுமையைக் கண்டது. அரபு மொழி வளர்ப்பைக் கண்டது.

சொல்லில் என்ன இருக்கிறது என்பீர்கள். நம் மதரஸாவில் ஓதும் சிறுமி ஒருத்தியை அழைத்துச் செல்ல வந்தவரைச் சுட்டி, “உன் வாப்பாவா?” எனத் தோழியர் கேட்டனர். “இல்லை, உம்மாவைக் கட்டியவர்” என்றாள். அவளுடைய குர்ஆனை நெஞ்சோடு அணைத்து நின்ற அம்மனிதரின் முகம் வாடிற்று. குற்றம் குழந்தையினுடையதன்று, வேறு சொல்லை வீடு அவளுக்குத் தரவில்லை.

உஹதுப் போரில் பட்ட காயத்தால் அபூஸலமா (ரலி) மறைந்தபின், ஹிஜ்ரி 4இல் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மணந்தார்கள். அன்னையாரின் மகன் உமரின் கை உணவுத்தட்டெங்கும் அலைந்தபோது, இறைநாமம் சொல்லி, வலக்கையால், தன் பக்கத்திலிருந்து உண்ணுமாறு நாயகம் கற்பித்தார்கள். வாழ்நாளெல்லாம் அவ்வாறே உண்டதாக அவரே அறிவிக்கிறார். மகள் ஸைனபோ மார்க்கச் சட்டம் அறிந்த மாதரசியாய்ப் பெயர் பெற்றார்.

வம்சப் பெயர் பெற்ற தந்தைக்கே உரியது. வளர்த்தவரின் சொத்தில் ரபீபுக்கு வாரிசுப் பங்கு இல்லை. மூன்றில் ஒரு பங்குவரை மரண சாசனம் எழுதலாம். இவ்வரம்புகளில் எதுவும் அன்புக்குத் தடையன்று. ‘சின்ன வாப்பா’, ‘சின்னம்மா’ என அழைக்கப் பழக்கினால் எந்த வரம்பும் மீறப்படாது. ஒரு நெஞ்சம் குளிரும். அதை நம் வீடுகள் செய்யலாமன்றோ!