தாழ்வு என்னும் சொல்

"தாழ்வு" என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் நல்ல பொருளில் வழங்குவதில்லை. உயர்வு தாழ்வு, தாழ்வு மனப்பான்மை என்று பேசும்போது குறைவு என்பதே அதன் பொருள். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வானொலிச் செய்தியில் இச்சொல் வந்தால், எங்கள் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்போம்.

காற்றுக்கும் எடை உண்டு. காற்றுக் கடலின் அடியில் நாம் வாழ்கிறோம் என்று இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1644-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். கடல் மட்டத்தில் அக்காற்று பாதரசத்தைச் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்திற்குத் தாங்கி நிறுத்தும். வெதுவெதுப்பான கடலின் மேல் ஈரக்காற்று இலேசாகி எழும்பும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. பள்ளத்தைத் தேடித் தண்ணீர் ஓடுவதுபோல், சுற்றிலுமுள்ள காற்று அங்கே விரைகிறது. பூமி சுழல்வதால் அது சுழன்று சுழன்று செல்கிறது.

இதற்கு வானிலை ஆய்வு மையத்தார் படிப்படியாகப் பெயரிட்டுள்ளனர். காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் குறைவாயின் 'காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி'. 31 முதல் 49 வரை 'தாழ்வு மண்டலம்'. 50 முதல் 61 வரை 'ஆழ்ந்த தாழ்வு மண்டலம்'. 62-ஐ எட்டினால் 'புயல்'.

2018 நவம்பர் 10-ஆம் நாள் வங்கக் கடலில் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் 'கஜா' புயலாயிற்று. 16-ஆம் நாள் அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்து, நம் புதுக்கோட்டை மாவட்டத்தையும் சூறையாடியது. கீரமங்கலம், வடகாடு பக்கத்துத் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அப்பாயி தம் கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்த தென்னைகளும் அவற்றுள் அடக்கம். எங்கள் வீடு கூரை வீடு. முதல் நாள் மாலையே நாங்கள் பள்ளிக் கட்டடத்திற்குப் போய்விட்டதால் பிழைத்தோம். விழுந்த மரங்களைப் பார்த்து அழுத அப்பாவிடம், "மரம் சாஞ்சா வேற நட்டுக்கலாம்யா, மனுசன் சாஞ்சா என்ன செய்வ?" என்றார் அப்பாயி.

தாழ்வு மண்டலம் என்ற சொல்லுக்கும் கரை கடந்த புயலுக்கும் இடையே ஆறு நாட்கள் இருந்தன. கூரையைக் கட்டவும், ஆடுமாடுகளை அவிழ்த்துவிடவும், பத்திரமான இடம் தேடவும் அச்சொல் நமக்குக் கொடுத்த அவகாசம் அது.

அன்புத் தோழியரே! இச்சொற்களின் வேறுபாட்டைத் தேர்வுக்காக மட்டும் படிக்க வேண்டாம். எழுத்தறியாத நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் எடுத்துச் சொல்வோம். படித்த பெண் வீட்டிற்குச் செய்யக்கூடிய உதவிகளுள் இதுவும் ஒன்றல்லவா?