சுண்ணாம்பு தடவாத முட்டி

வாகனம் வருமுன்னமே செய்தி வந்துவிட்டது. தேநீர்க்கடைக்காரர் கைபேசியைக் காதில் வைத்தார். "ஓம்... ஓம்... சரி." வைத்துவிட்டு மறுபடியும் தேநீர் ஆற்றத் தொடங்கினார். யாரையும் கூப்பிடவில்லை, யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. இருந்தாலும் தெரு அறிந்துகொண்டது. வேலியோரம் சாய்த்திருந்த சைக்கிளிலிருந்து ஒருவர் நீலநிறக் கான் ஒன்றை அவிழ்த்துக்கொண்டு பனங்கூடலுக்குள் போனார். ஓடவில்லை, நடந்தார். ஓடினால் கழுதைகள்கூடத் திரும்பிப் பார்க்கும். மன்னார்த் தீவுக் கழுதைகளுக்கு வேறென்ன வேலை!

நான் வாங்கில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாலையில் பேசாமல் இருக்கிறவனை ஒருவரும் சட்டைசெய்வதில்லை. ஊரின் பெயரிலேயே பாதி அனுமதி இருக்கிறது.

இந்தத் தீவில் ஒளித்து வருவது கடினம். பாலம் தாண்டி மன்னார்ப் பட்டினம். அங்கிருந்து தலைமன்னார் வரை ஒரே பெருந்தெரு, அதற்குப் பக்கத்தில் 2015இல் மறுபடி ஓடத் தொடங்கிய ரயில்பாதை. இரண்டு பக்கமும் கடல். பட்டினத்தில் புறப்படுகிற ஜீப்பைத் தோட்டவெளியில் ஒருவர் காண்பார், கரிசலில் இன்னொருவர் காண்பார். அதற்குள் இங்கே தேநீர் ஆறிவிடும்.

ஜீப் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள், சாரதி இறங்கவில்லை. சிவில் உடுப்பு, ஆனாலும் சப்பாத்து காட்டிக்கொடுத்தது. இந்த மணலில் மினுக்கிய கறுத்தச் சப்பாத்தோடு வருகிறவர் ஒன்றில் வங்கி ஆள், இல்லாவிட்டால் எக்சைஸ். மதுவரித் திணைக்களம் என்பது பெயர்ப் பலகையில், வாயில் எக்சைஸ்தான். முன்னுக்கு வந்தவர் பரிசோதகர், பக்கத்தில் தடித்த சார்ஜன்ட், பின்னால் புத்தகக் கட்டோடு இளம் காவலர். இந்தத் திணைக்களத்தின் ஏணியில் காவலர், கோப்ரல், சார்ஜன்ட், சார்ஜன்ட் மேஜர், பரிசோதகர், பிரதான பரிசோதகர், அத்தியட்சகர் என்று படிகள் ஏறி ஏறிக் கொழும்பில் ஆணையாளர் நாயகத்தில் முடியும். ஏணி நீளம்தான். பேசாலைக்கு இறங்கி வருவது கடைசிச் சில படிகள். மன்னார் மாவட்டம் ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீற்றர். தீவுக்கு அப்பால் மாந்தை, நானாட்டான், முசலி, மடு என்று காடும் வயலும் விரிந்து கிடக்கிறது. இந்த ஜீப் இன்று இங்கே நிற்கிறதென்றால் அங்கெல்லாம் இன்று நிற்கவில்லை என்று பொருள். அதுவும் ஒரு செய்திதான். அதைக் கேட்டும் எங்கோ ஒரு கள்ளச்சாராயக் கோடாப் பீப்பா மூடியைத் திறந்திருக்கும்.

ஆள் குறைவு, அதிகாரமோ குறைவில்லை. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. ஊர்தோறும் கள்ளுத் தவறணை முளைக்கப்போகிறதென்று அப்போது மதுவிலக்குச் சங்கங்கள் கிளம்பின. பின்னாளில் நாட்டை ஆண்ட சேனநாயக்க குடும்பத்தார் அரசியல் பழகியதே அந்த மேடைகளில்தான். மேடைகள் போய்விட்டன, சட்டம் இருக்கிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். தேடுதல் ஆணைக்குப் போய் வருவதற்குள் பொருள் மறைந்துவிடும் என்று நம்பினால், அந்த நம்பிக்கைக்கான காரணத்தை எழுதி வைத்துவிட்டு, பகலோ இரவோ உள்ளே போகலாம். பிடித்தவரை மன்னார் நீதவான் முன் நிறுத்தி வழக்கைத் தாங்களே நடத்தலாம். 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர மருந்துகள் சட்டத்தின்படி கஞ்சாவையும் பிடிக்கலாம். இவ்வளவும் அந்த மூன்று பேரின் சட்டைப் பைக்குள் இருக்கிறது. சார்ஜன்டின் பையில் மேலதிகமாக ஒரு வியர்வைத் துவாய்.

அவர்கள் நேரே தவறணைக்குப் போனார்கள்.

தவறணை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை, ஓலைத் தட்டி, சீமெந்துத் தரை, சுவரில் அனுமதிப்பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள். ஒரு காலத்தில் கள்ளைப் பிளாவில் வார்த்தார்கள். பனையோலைப் பிளாவின் மணம் கள்ளோடு சேர்ந்து வரும். இப்போது பிளாஸ்டிக் சாடி. எழுபதுகளில் சீவல் தொழிலாளருக்கான கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகு மரம் ஏறுகிறவரின் கள்ளு சங்கத்துக்குப் போய், அங்கிருந்து சட்டப்படி விலைக்கு வருகிறது. அது நல்ல மாற்றம். தனியார் தவறணைக்காரனின் கணக்குப் புத்தகத்தில் ஏறினவன் இறங்கினதில்லை என்று பழசுகள் சொல்வார்கள்.

அன்று தவறணையில் ஆள் அரைவாசிதான். தவக்காலத்தின் கடைசி வாரம். வெற்றி அன்னை கோயில் பக்கம் உடக்குப்பாஸ் கூத்து வேலைகளுக்காக ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். குடிக்கிறவர்களில் பலர் நாற்பது நாள் நிறுத்தியிருந்தார்கள். காவலரோ கோப்ரலோ கேட்டு நிறுத்தியதல்ல. உயிர்ப்பு ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை இந்தக் கூரைக்குக் கீழே இடம் கிடைக்காது என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பரிசோதகர் பதிவேட்டைக் கேட்டார். அவருடைய தமிழில் சிங்களத்தின் மெதுமை இருந்தது. சிக்கினால் சார்ஜன்ட் எடுத்துக்கொடுப்பார். எத்தனை லீற்றர் வந்தது, எத்தனை விற்றது, எவ்வளவு மிச்சம். காவலர் விரலை வரிவரியாக நகர்த்தினார். தவறணை முகாமையாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கணக்குச் சரி. கணக்குச் சரியாக இருக்கும்போதும் மனிதர் அப்படித்தான் நிற்கிறார்.

அந்த நேரம் பார்த்துச் சீவல்காரர் ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். இடுப்பில் கத்திக்கூடு, தோளில் தளநார், நெஞ்சில் பனை உரசி உரசிக் காய்த்த தோல். இரண்டு முட்டிகள் கொண்டுவந்து மணலில் வைத்தார். ஒன்றின் உட்புறம் வெள்ளை, மற்றது வெறும் மண்.

நான் வாங்கின் நுனிக்கு நகர்ந்தேன்.

பரிசோதகர் குந்தினார். முதல் முட்டிக்குள் எட்டிப் பார்த்தார். தெளிந்த நீர், ஓரத்தில் சுண்ணாம்பு. கருப்பநீர். இரண்டாவதில் நுரை, அதன் மேல் இரண்டு தேனீக்கள் கிறங்கிக் கிடந்தன. விரலை விட்டு எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தார், பிறகு நாக்கில் வைத்தார். கண்ணை மூடவில்லை. தொலைவில் நடுக்குடாப் பக்கத்துக் காற்றாலை ஒன்றைப் பார்த்தபடி சுவைத்தார். ஒரே பாளைக் குலத்தின் சாறு. சுண்ணாம்பு தடவினால் பனங்கட்டி காய்ச்சுகிற வீட்டுப் பண்டம், தடவாவிட்டால் மதுவரி. சட்டத்தின் வரைவிலக்கணம் இன்னும் கடுமையானது. புளித்ததோ புளிக்காததோ, பனையிலிருந்து இறங்கும் சாறெல்லாம் அதற்குக் கள்ளுத்தான். நடைமுறையில் பெருவிரல் அளவு சுண்ணாம்புதான் எல்லைக்கல்.

இந்த விரல் வித்தையை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. பழகிய பரிசோதகரின் மூக்கும் நாக்கும் நீதிமன்றத்தில் சாட்சியாக ஏறியிருக்கின்றன. எத்தனை வருட அனுபவம், எத்தனை வழக்குப் பிடித்தீர் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குடைவார். மறுபக்கம் 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் ஒரு வேடிக்கை வைத்திருக்கிறது. மதுவரிக் குற்றத்தைப் பற்றி மதுவரி அதிகாரியிடம் ஒருவர் "நான்தான் செய்தேன்" என்று ஒப்புக்கொண்டால், அந்த வாக்குமூலம் அவருக்கு எதிராகச் செல்லாது. பொலிசுக்குச் சொன்னதும் அப்படித்தான். ஆகவே ஆளைப் பேசவைத்துப் பயனில்லை. முட்டிதான் பேச வேண்டும், போத்தல்தான் பேச வேண்டும். ஊர் வாயை மூடிக்கொண்டிருப்பது வெறும் பிடிவாதமல்ல என்று அப்போது தோன்றியது.

"எத்தனை மரம், ஐயா?" பரிசோதகர் கேட்டார்.

சீவல்காரர் தளநாரை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். சங்கத்து அட்டையை மடியிலிருந்து எடுத்து நீட்டினார். மரக் கணக்கு அதில் இருந்தது. பரிசோதகர் வாசித்து, அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

தவறணைக்கு வெளியே வேலியோரம் ஒரு பெண் நின்றாள். கையில் சின்ன எவர்சில்வர்ச் செம்பு. அப்பக்கடைக்காரி என்று தேநீர்க்கடைக்காரர் அவளைப் பார்த்துத் தலையசைத்ததில் விளங்கியது. நாளைக் காலை அப்பம் பொங்க இன்று இரவு மாவில் கள்ளு விழ வேண்டும். அவள் ஒருநாளும் உள்ளே போகமாட்டாள். யாராவது ஒருவர் செம்பை வாங்கி உள்ளே கொண்டுபோய் நிரப்பித் தருவார். இது நாணம் மட்டும் என்று நினைத்திருந்தேன். 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் தவறணை வளவுக்குள் பெண்ணுக்கு மது விற்கவோ கொடுக்கவோ கூடாது என்கிறது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பிவிட்டார். கொழும்பில் அது உரிமைப் பிரச்சினை. இங்கே அது அப்ப மா.

அவள் ஜீப்பைப் பார்த்தாள். செம்பை முந்தானைக்குள் மூடினாள். போகவில்லை.

மூவரும் இப்போது கடைப் பக்கம் நகர்ந்தார்கள். பலசரக்குக் கடை, தூணில் நூலில் கட்டிய லைற்றர் ஆடிக்கொண்டிருந்தது. சிகரட் பெட்டிகள் கண்ணுக்குப் படாத தட்டில். பெட்டியின் 80 வீதப் பரப்பில் அழுகிய நுரையீரலும் வாய்ப் புண்ணும் 2015 முதல் அச்சாகின்றன. ஒற்றையாக வாங்குகிறவன் அந்தப் படத்தைக் காண்பதேயில்லை. கடைக்காரர்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பாவம். 2006ஆம் ஆண்டின் புகையிலை மதுசார அதிகார சபைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்றது. அந்தச் சட்டத்தை அமுலாக்கப் பொலிசுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் உணவு மருந்துப் பரிசோதகருக்கும் மதுவரி அதிகாரிக்கும் அதிகாரம் உண்டு. நாலு பேருக்குக் கொடுத்த வேலை. அதிகார சபை சுகாதார அமைச்சின் பிள்ளை, குடியும் புகையும் குறைய வேண்டும் அதற்கு. மதுவரித் திணைக்களம் நிதி அமைச்சின் பிள்ளை, வருட முடிவில் வருமான இலக்கு எட்ட வேண்டும் இதற்கு. இரண்டு வீட்டுக்கும் ஒரே மருமகனாய் அந்தப் பரிசோதகர் கடை வாசலில் நின்றார்.

மீசை அரும்பிய பெடியன் ஒருவன் கடைக்கு வந்தான். ஆட்களைக் கண்டான்.

"என்ன தம்பி வேணும்?" கடைக்காரரின் குரல் வழமையைவிட உரக்க இருந்தது.

"தீப்பெட்டி, அண்ணை."

தீப்பெட்டி வாங்கிக்கொண்டு போனான். சார்ஜன்ட் துவாயால் கழுத்தைத் துடைத்தபடி சிரித்தார். எல்லாரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

கடற்கரைக்கு அவர்கள் போகவில்லை. அங்கே விளையாட்டு வேறு. இந்தியப் பக்கத்திலிருந்து வரும் பீடி இலைப் பொதிகள் சிலவேளை படகோடு பிடிபடும், சிலவேளை பொலித்தீன் சுற்றிய மூட்டையாக அலையில் ஒதுங்கும். காண்பது பெரும்பாலும் கடற்படை. வரி கட்டாமல் கடல் வழியாக வந்த இலை என்பதால் 1869ஆம் ஆண்டின் சட்டத்தோடு சுங்கம் வரும். அதே மூட்டைக்குள் கஞ்சா இருந்தால் பொலிஸ். இதே கரையில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சினால் எக்சைஸ். கருவாடு காயப்போடுகிற பெண்ணுக்கு எந்த மூட்டை யாருடையது என்று தெரியும், ஒன்றையும் தொடமாட்டாள்.

கசிப்பைப் பற்றி இன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு வரி ஏற ஏறச் சாராயப் போத்தல் கூலிக்காரன் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. சீனியும் ஈஸ்டும் கொதிக்கிற இடம் அதற்குக் கீழேதான் இருக்கும். ஜீப்பை எதிர்பார்த்து நடந்த அந்த நீலக் கானுக்குள் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது. தண்ணீராகவும் இருக்கலாம். சோளகம் பெயர்ந்தால் இங்கே நல்ல தண்ணீருக்கும் கான் தூக்க வேண்டும்.

முக்கால் மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. பரிசோதகர் பதிவேட்டில் கையெழுத்திட்டு நேரம் எழுதினார். தேநீர் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு ஏதோ நினைத்தவர் போலத் தவறணைப் பக்கம் திரும்பி, "நாளைக்குப் போயா" என்றார். முகாமையாளர் தலையசைத்தார்.

ஜீப் தலைமன்னார் பக்கம் போனது. தேநீர்க்கடைக்காரர் கைபேசியை எடுத்தார். "ஓம்... இப்ப அங்கதான்."

செம்பு வேலிக்கு உள்ளே போய் நிரம்பி வந்தது. அப்பக்கடைக்காரி அதை முந்தானையால் மூடிக்கொண்டு பார்த்தும் பாராமலும் நடந்தாள். நீலக் கான் திரும்பிச் சைக்கிளில் ஏறியது.

சீவல்காரர் மட்டும் பனையடியில் குந்தியிருந்தார். போயா என்றால் தவறணை பூட்டு. ஒவ்வொரு முழுநிலவுக்கும் நாடு முழுக்க அப்படித்தான். பாளைக்கு அது தெரியாது. நாளைக்குச் சீவாமல் விட்டால் முகம் காய்ந்து, வாரக்கணக்கில் தட்டி நசித்துப் பழக்கியதெல்லாம் வீணாகும். சீவினால் சாறு இறங்கும். இறங்கியதை எங்கே கொண்டுபோவது?

மாலை மூன்றரை இருக்கும். அவர் மடியிலிருந்து சுண்ணாம்புச் சிரட்டையை எடுத்தார். காலையில் வெறும் மண்ணாய் இருந்த முட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். அதை நிமிர்த்தி, பெருவிரலைச் சுண்ணாம்பில் தோய்த்து, உள்ளே கையை விட்டு அடியிலிருந்து மேலாகச் சுற்றித் தடவினார். வெள்ளை சீராகப் படிந்ததா என்று வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மிச்சத்தைப் பனையின் அடியில் துடைத்துவிட்டு, தளநாரைக் காலில் மாட்டி ஏறத் தொடங்கினார்.