எக்ஸெல் ஷீட்டில் அப்பத்தா இல்லை

எங்க வீட்டுக்கு அடுத்த கார் எதுன்னு பார்க்கிற பொறுப்பை அப்பா என்கிட்ட குடுத்தாரு. ஃபைனல் இயர் மெக்கானிக்கல், விடுவேனா? ஹாஸ்டல்ல உட்கார்ந்து ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன்.

முதல் வரிசையில் ஹூண்டாய் வெர்னா. நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகிற கார். 2023 மார்ச்சில் அதை முழுசா புது டிசைனில் இறக்கினாங்க. நீளம் 4440 மி.மீ.யில் இருந்து 4535. வீல்பேஸ் 2600-இல் இருந்து 2670. டிக்கி 480 லிட்டரில் இருந்து 528. முகப்பில் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே கோடா லைட். டீசல் இன்ஜின் போயிடுச்சு. அதே வருஷம் அக்டோபரில் குளோபல் என்கேப் சோதனையில் 5 ஸ்டார். கூரை பின்னாடி சரிஞ்சு டிக்கியோட சேரும். "ஏரோடைனமிக்ஸ்ப்பா"ன்னு வாய்ஸ் நோட்டும் அனுப்பினேன்.

அப்பாகிட்ட இருந்து ஒரே வரி பதில்: "அப்பத்தா ஏறி இறங்க முடியுமா?"

என் ஷீட்டில் அதுக்கு இடமே இல்ல.

ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் போன வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு அப்பத்தா வரல. "நீங்க போயிட்டு வாங்கய்யா"ன்னுட்டாங்க. கூட்டத்துக்குப் பயப்படுறாங்கன்னு நினைச்சேன். அதுக்கு முந்தின தடவை, கோயில் பக்கத்தில் எங்க பழைய செடானில் இருந்து அவங்க இறங்கினது இப்போதான் ஞாபகம் வந்துச்சு. முட்டி வலியோட தலையைக் குனிஞ்சு, உடம்பைத் திருப்பி, கால் ஒவ்வொண்ணா வெளியே வைக்கணும். பின்னாடி ஹாரன். என் தோளைப் பிடிச்ச கை நடுங்கிச்சு.

லீவுக்கு வந்ததும் டேப் எடுத்து எங்க காரை அளந்தேன். தரையில் இருந்து சீட் எவ்வளவு உயரம், கதவுக்குக் கீழ் விளிம்பு எவ்வளவு அகலம், பின்கதவுத் திறப்பு எவ்வளவு உயரம். நான் புரட்டின எந்த பிரோஷரிலும் இந்த மூணும் இல்ல. வீல்பேஸ் 70 மி.மீ. கூடினா உள்ளே கால் நீட்டலாம். ஆனா முதல்ல உள்ளே போகணுமே!

வெர்னாவைக் குறை சொல்லல. ஏறிப் பார்க்காமலே மார்க் போட்டவன் நான்தான். உங்க வீட்டில் கார் பார்த்தீங்கன்னா, பின்சீட்டில் உட்காரப் போறவங்களை முதல்ல கூட்டிட்டுப் போங்க.

"நாளைக்கு ஷோரூமுக்கு வாங்க அப்பத்தா"ன்னேன். "கார் வாங்க நான் எதுக்குடா?"ன்னு சிரிச்சாங்க. சாயங்காலம் பார்த்தா, கட்டில் மேல அவங்க நல்ல சேலை எடுத்து வெச்சிருந்துச்சு.