சம்பவம் என்ன, மகள்?

சட்ட பீடத்துக்கு உனக்கு இடம் கிடைத்த செய்தி வந்த அன்று உன் உம்மா எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டுத் தொதல் அனுப்பியிருந்தா. அதைத் தின்று முடிப்பதற்குள் ஊர் உன்னை 'லோயர்' ஆக்கிவிட்டது. அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்த என்னை ஒருவர் மறித்து, வயல் வரம்புத் தகராறு ஒன்றை நீட்டி முழக்கி, "உங்கட மருமகளிட்ட ஒருக்காக் கேட்டுச் செல்லுங்களேன்" என்றார். நீ இன்னும் பெட்டியே கட்டவில்லை. நான்கு வருடப் படிப்பு, பிறகு சட்டக் கல்லூரிப் பரீட்சை, மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிற்சி, உயர் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் என்று எவ்வளவோ கிடக்கிறது. அதையெல்லாம் அவருக்கு விளக்கி என்ன பயன்? "கேட்டுச் செல்றன்" என்று நடையைக் கட்டினேன்.

முப்பது வருடத்துக்கு மேல் கறுப்புக் கோட்டுப் போட்டவன் என்பதால் உனக்கு நாலு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டுமாம். உன் வாப்பாவின் கட்டளை. புத்திமதி கேட்டு நீ களைத்திருப்பாய். அதனால் என் முதலாம் வருடத்தில் நான் வெட்கப்பட்டு நின்ற கதையைச் சொல்கிறேன்.

சேர்ந்த சில கிழமைகளிலேயே டொனாக்யூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கு வந்தது. உனக்கும் வரும், சட்டம் படிக்கிற யாரும் அந்த நத்தையிடமிருந்து தப்ப முடியாது. 1928 ஓகஸ்டில், ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துக் கடை ஒன்றில் மே டொனாக்யூ என்ற பெண் ஜிஞ்சர் பியர் குடித்தார். (பெயரைப் பார்த்துப் பயப்படாதே, எங்கட கடைகளில் விற்கிற அதே இஞ்சிச் சோடாதான்.) போத்தலில் மிச்சம் இருந்ததை ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்ததாம். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 1932 இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாக முடிந்தது. அயலவருக்குக் கேடு வராமல் பார்ப்பது உன் கடமை, அந்த அயலவர் யார் என்று தீர்ப்பில் அட்கின் பிரபு எழுதிய பந்தியை நான் இரவெல்லாம் கண்விழித்து மனப்பாடம் செய்திருந்தேன். விரிவுரையாளர் கேட்டதும் எழுந்து நின்று, ஒரு சொல் பிசகாமல் ஆங்கிலத்தில் ஒப்புவித்தேன். கைதட்டுவார்கள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "போத்தலுக்குக் காசு கொடுத்தது யார்?"

எனக்குத் தெரியவில்லை. "டொனாக்யூ" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். காசு கொடுத்தது அவருடன் வந்த தோழி. வழக்கின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. வாங்கியவர் வேறொருவர் என்பதால் கடைக்காரருடன் டொனாக்யூவுக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஒப்பந்தத்தின் பேரில் அவர் யாரிடமும் நட்டஈடு கேட்க முடியாது. அதனால்தான் உற்பத்தியாளரான ஸ்டீவன்சனைத் தேடிப் போக வேண்டி வந்தது. போத்தல் கறுத்த கண்ணாடி என்பதும் அப்படித்தான்: குடிப்பவரோ விற்பவரோ உள்ளே பார்த்திருக்க வழியில்லை. இவ்வளவையும் தாண்டிக் குதித்து நான் தீர்ப்பில் போய் நின்றிருந்தேன். இன்னொன்றும் அன்றுதான் அறிந்தேன். அந்தப் போத்தலுக்குள் நத்தை இருந்ததா என்பது கடைசி வரை எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. ஸ்டீவன்சன் இறந்த பிறகு வழக்கு இணக்கத்தில் முடிந்துவிட்டது.

"சம்பவம் என்ன என்று முதலில் சொல், பிறகு சட்டம் பேசலாம்" என்று சொல்லி அவர் என்னை உட்காரவைத்தார். நான் அன்று பகல் சோறு தின்னவில்லை.

இந்த ஒரு கேள்விதான் எனக்கு இத்தனை வருடமும் சோறு போட்டது. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் என்னைத் தேடி வந்த கட்சிக்காரர் பாதிக்கு மேல் கையில் தீர்ப்போடுதான் வருவார்கள். "அவன் கள்ளன் சேர்." சரி, என்ன நடந்தது? "அவன்ட வாப்பாவும் கள்ளன்." எந்தத் திகதி, எத்தனை மணி, யார் பார்த்தது, உறுதி யாருடைய பேரில் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எங்கள் ஊரில் திண்ணைக்குத் திண்ணை நீதவான்கள் இருக்கிறார்கள். நீயும் அந்தத் திண்ணையில் வளர்ந்தவள்தான். முதலாம் வருடத்தில் அந்தப் பழக்கத்தைக் கழற்றப் பார்.

திண்ணையை விட்டாலும் வீட்டை விட்டுவிடாதே. கொழும்புக்குப் போனால் நாம் ஒன்றும் தெரியாத பட்டிக்காடு என்றொரு எண்ணம் வரும். எனக்கு வந்தது. அப்போது இதை நினைத்துக்கொள்: 1969 இல் டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் எங்கள் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கினார். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாகத் தாய்வழியில் வருகிற குடிமுறையையும், பெண்பிள்ளைக்குச் சீதனமாக வீடு போவதையும் ஆராய்ந்தார். அவருடைய பெரிய நூல் 2008 இல்தான் வெளிவந்தது. அவர் வருடக்கணக்கில் கேட்டு எழுதியதை நீ உன் மூத்தம்மாவின் மடியிலிருந்தே அறிவாய்.

அது சட்டப் படிப்புக்கு எப்படி உதவும் என்கிறாயா? ஒப்பந்தச் சட்டத்தில் ஜயவிக்ரம எதிர் அமரசூரிய என்று ஒரு வழக்கு வரும். 1918 தீர்ப்பு. வசதியான சகோதரன் தன் சகோதரிக்குப் பணம் தருவதாக வாக்குக் கொடுத்தான், பிறகு கையை விரித்தான். ஆங்கிலச் சட்டப்படி பார்த்தால், பதிலுக்கு அவள் ஒரு கைமாறும் கொடுக்காததால் அந்த வாக்குக் கட்டாது. ஆனால் இலங்கையின் ஒப்பந்தச் சட்டத்துக்கு அடித்தளம் உரோமன் டச்சுச் சட்டம். அது கைமாறு கேட்பதில்லை, நியாயமான காரணம் ஒன்று போதும் என்கிறது. சகோதரிக்குச் செய்ய வேண்டிய தார்மீகக் கடமை அப்படியொரு காரணந்தான் என்று இலண்டனில் இருந்த கோமறைக் கழகம் ஏற்றுக்கொண்டது. எங்கள் கடைசி மேன்முறையீடு அக்காலத்தில் அங்கேதான்.

கொழும்புப் பிள்ளைகள் இதை ஒரு கோட்பாடாகப் படிப்பார்கள். உனக்கு உன் காக்காவின் முகம் தெரிய வேண்டும். கட்டாரில் ஏழு வருடம் வெயிலில் நின்று, தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்டு, உன் ராத்தாவுக்கு வீடு கட்டி முடித்தவன் அவன். எந்தக் கைமாறுக்கு? பரீட்சையில் காக்காவைப் பற்றி எழுதாதே, புள்ளி வராது. ஆனால் அவனை நினைத்துக்கொண்டு எழுது.

இன்னொன்றும் சொல்கிறேன். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தை எடுத்துப் பார். ஆங்கில வாசகத்தின் நடுவே 'கைக்கூலி' என்ற எங்கள் சொல் அப்படியே கிடக்கும். மணமகளின் உபயோகத்துக்கென்று மணமகனிடம் கொடுக்கப்படும் பணமும் அசையும் சொத்தும் கைக்கூலி என்று வரைவிலக்கணம் சொல்கிறது. 'அசையும்' என்ற சொல்லின் கீழே ஒரு கோடு போடு. வீடு அசையாது. எங்கள் ஊரில் பெண்ணுக்குப் போகிற மிகப் பெரிய சொத்து அந்த வரைவிலக்கணத்துக்குள் வராது. வீடு யாருடைய பேரில் எழுதப்பட்டது என்று உறுதியைத்தான் பார்க்க வேண்டும். காதி நீதிபதியாக ஆண் மட்டுமே இருக்கலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இது மாற வேண்டும் என்பது என் கட்சி. என் மகளின் நிக்காஹும் அதே சட்டப்படிதான் பதிவானது: அந்தப் பதிவில் அவள் கையெழுத்து இல்லை, என் கையெழுத்து இருக்கிறது. அன்று அது எனக்கு உறைக்கவில்லை. உன் மாமி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

எங்கள் பக்கத்து நுரைச்சோலை வீடுகளையும் நீ பார்த்திருக்கிறாய். 2004 டிசம்பர் 26 கடல் அடித்த பிறகு, சவூதிப் பணத்தில் எழும்பிய 500 வீடுகள். ஒரே சமூகத்துக்குப் பங்கிடக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு விழுந்தது. வீடுகள் வருடக்கணக்கில் ஆளில்லாமல் பற்றையேறிக் கிடந்தன. ஊரில் அதற்கு ஆயிரம் வியாக்கியானம். தீர்ப்பை எடுத்து வாசித்தவரை விரல் விட்டு எண்ணலாம். நீ வாசி. யார் மனுப்போட்டார்கள், என்ன கேட்டார்கள் என்று பார். அப்படியே அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையையும் பார்: அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு மாதம் தெரியாமல், மூன்றாம் மாதம் கண்ணீரோடு என் வாசலுக்கு வந்தவர்களை நான் வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறேன்.

மற்றதெல்லாம் சின்ன விசயம். "கோட்டாவில் வந்தவள்" என்று யாராவது குத்தினால், 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற கணக்கைச் சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போ. எங்கள் அம்பாறை மாவட்டம் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருப்பதற்கு நீ வெட்கப்படத் தேவையில்லை. பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். சட்டம் படிக்கிறவள் அதைப் பொறுத்துக்கொண்டு வந்தாள் என்று நான் கேள்விப்படக் கூடாது.

ஆங்கிலம்தான் உன்னை அழவைக்கும். சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதியை 2023 இல் பாராளுமன்றம் தோற்கடித்தது. சந்தோசந்தான். ஆனால் அதை நம்பி இருந்துவிடாதே. உன் பீடத்தில் விரிவுரை ஆங்கிலத்தில், வாசிக்க வேண்டிய பழைய தீர்ப்புகளும் ஆங்கிலத்தில். அக்கரைப்பற்று நீதிமன்றத்தில் உன் கட்சிக்காரர் பேசப்போவது தமிழில். இரண்டும் வேண்டும். ஒரு தீர்ப்பை வாசித்து முடித்தால், இரவில் உம்மாவுக்குப் போன் எடுத்து அதைக் கதையாகச் சொல்லு. எந்த இடத்தில் உம்மா "விளங்கல்ல மகள்" என்கிறாவோ, அந்த இடம் உனக்கும் விளங்கவில்லை. திரும்பப் போய் வாசி.

கொழும்பு பஸ் அம்பாறை, மஹியங்கனை என்று இரவெல்லாம் உலுக்கும். ஜன்னல் சீட்டு எடு. மாசிச் சம்பல் போத்தலை உடுப்புப் பெட்டிக்குள் வைக்காதே. என் அலுமாரியில் பழைய சட்டப் புத்தகங்கள் கொஞ்சம் கிடக்கின்றன, இரண்டு மூன்றைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சத்தை வியாழக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொண்டு போ.